குடியிருப்போர் நலச் சங்கம், ஓசூர்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் குடியிருப்புவாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகள் குறித்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய் ஆகியவை குறித்து மாநகராட்சிக்கு நாம் அளித்த மனுக்களும் அவற்றின் இன்றைய நிலையும் இணைப்பில் உள்ளன. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த ஒரு பணியைப் பற்றி மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வேலை நிமித்தமாகவோ திருமணமாகியோ இந்நகருக்குக் குடிவந்து, ஆண்டுகள் சென்ற பின்னும் உள்ளூரில் நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாதவர்களுக்குச் சங்கம் என்ன செய்ய முடியும் என்று பார்ப்பதே அப்பணி.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நம் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் ஒருவர் சென்ற பொதுக்குழுவில் பேசியது பலருக்கு நினைவிருக்கும். காய்ச்சல் முற்றிய குழந்தையை நள்ளிரவில் மருத்துவமனையில் சேர்த்தபோது, அனுமதிப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு உள்ளூர் நபர் ஒருவரின் பெயரையும் எண்ணையும் கேட்டிருக்கிறார்கள். அவருடைய கைப்பேசியில் எண்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஓசூரில் அந்த நேரத்தில் அழைத்தால் எழுந்து வரக்கூடியவர் என்று எவர் பெயரையும் அவரால் எழுத முடியவில்லை. கடைசியில் வீட்டு உரிமையாளரின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, இதை அவரிடம் சொல்லலாமா, தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று விடியும்வரை தவித்திருக்கிறார். அவர் பேசி அமர்ந்ததும், தமக்கும் அதே நிலைதான் என்று அரங்கில் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். அன்றைய தீர்மானம் அங்கிருந்துதான் பிறந்தது.

இந்த நிலைக்கு நம் நகரம் வளர்ந்த விதமும் ஒரு காரணம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் தென்மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும், பின்னர் வட மாநிலங்களிலிருந்தும் மக்கள் இங்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். 2019இல் ஓசூர் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. தலைமுறைகளாக இங்கே வாழும் குடும்பங்களில் வீட்டுமொழி தமிழாகவோ தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கிறது. அவர்களுக்குச் சொந்தபந்தம் கூப்பிடு தூரத்தில் உண்டு. வந்தவர்களுக்கு அது இல்லை. பெருநகரத்தில் ஒத்த ரசனை உள்ளவர்களைத் தேடிச் சேர அமைப்புகள் ஏராளம். இங்கே அவையும் குறைவு. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரு இருப்பதால் ஓய்வு நாளில் பலர் அங்கே போய்விடுகிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குடியிருப்பில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உறவு நெருங்க வேண்டிய நாட்களிலேயே ஒருவரையொருவர் காண முடியாமல் போகிறது.

பணியைத் தொடங்குமுன் இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று செயற்குழு தேடிப் பார்த்தது. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிகவும் பயன்பட்டது. அண்மையில் ஊர் மாறி வந்த பெரியவர்களிடமும் அவர் விவரம் திரட்டியிருக்கிறார். அறிமுகமானவர் ஓரளவு நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நண்பர் என்று உறுதியாகச் சொல்வதற்குச் சுமார் 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியுள்ளது என்பது அவர் கண்டது. ஒரே இடத்தில் வேலை செய்யும் நேரம் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை என்பதையும் அவர் குறிப்பிடுகிறார். ஒரே கம்பெனிப் பேருந்தில் ஆண்டுக்கணக்கில் அருகருகே அமர்ந்து சென்றும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனதில்லை என்று நம் உறுப்பினர்கள் சொல்வதன் காரணம் இதில் விளங்குகிறது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் காணாமலே உயிர்நண்பர்களாக இருந்தார்கள் என்பது நம் மரபின் பெருமை. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் சந்தித்தால் முதற்படியைத் தாண்டவே ஏறக்குறைய ஓராண்டு ஆகும் என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கை மனத்தில் கொண்டு, ஆண்டுக்கொரு முறை பந்தலிட்டு, பாட்டுக் கச்சேரி வைத்து, விருந்தளித்து நடத்திவந்த குடும்ப விழாவை இவ்வாண்டு எளிமையாக முடித்துக்கொண்டோம். விழாவில் எல்லோரும் தெரிந்தவர்களுடனேயே அமர்ந்து சாப்பிட்டுப் புறப்பட்டுவிடுவதை அனைவரும் பார்த்திருக்கிறோம். மிச்சமான தொகையில் சங்க அறைக்கு இரண்டு கேரம் போர்டுகளும் சதுரங்கப் பலகைகளும் வாங்கி, வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், சிறு குழுவாகக் கூடும் நிகழ்ச்சிகளைத் தொடங்கினோம். ராமநாயக்கன் ஏரிப் பக்கம் காலை நடை, மாலையில் கேரம், தெருவோரப் புங்கன் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் முறை ஆகியவை இன்றுவரை நிற்காமல் நடந்துவருகின்றன.

இவற்றுள் எதிர்பாராத பலன் தந்தது சங்க அறையின் சாவி. காவலாளியிடம் இருந்த சாவியை வாரம் ஒரு வீடு பொறுப்பேற்கும்படி செயற்குழு மாற்றியது. பொறுப்பு முடிந்த வீட்டார் அடுத்த வீட்டுக்கு நேரில் போய், சாவியையும் போரிக் பவுடர் டப்பாவையும் காய்களை எண்ணிப் போட்ட பையையும் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. காரணமின்றி இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டப் பெரியவர்களுக்கு இருக்கும் கூச்சத்தைக் கைக்குள் இருந்த அந்தச் சாவி போக்கிவிட்டது. சிவப்புக்காய் ஒன்று காணவில்லை என்று இரு வீட்டாரும் வாசலில் நின்று தேடியதும், உள்ளே வாருங்கள், காபி சாப்பிட்டுவிட்டுத் தேடலாம் என்று அழைத்ததும் நடந்தன. புதிதாகக் குடிவந்த வீட்டுக்கு முன்னும் பின்னும் நெடுநாள் குடியிருப்பவர்களின் வீடுகள் அமையுமாறு முறையை வகுத்தோம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க இங்கே தனித்திருக்கும் மூத்த தம்பதியர் சிலருக்கு இதனால் கிடைத்த துணை, நாம் திட்டமிட்டதைவிடப் பெரிது.

ஷிப்டு வேலை பெரிய இடையூறாக இருந்தது. வாரந்தோறும் ஷிப்டு மாறும் தொழிலாளிக்குச் சனிக்கிழமை மாலை என்று நாள் குறித்தால், அவர் சில வாரங்கள் வந்து சில வாரங்கள் வராமல், வராதவர் என்று பெயரெடுத்து, பிறகு நிரந்தரமாக நின்றுவிடுகிறார். எனவே கேரம் ஆட்டத்தைக் காலையிலும் மாலையிலும் என இரு வேளை வைத்தோம். தொடர்ந்து இரு வாரங்கள் ஒருவரைக் காணவில்லை என்றால், குழுவில் ஒருவர் நேரில் சென்று விசாரிக்கவும் ஏற்பாடு செய்தோம். வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் காலை வணக்கம் இந்த விசாரிப்புக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

கணவரின் வேலைக்காக இங்கே வந்த பெண்களுக்கு இந்த நேரங்கள் எதுவும் ஒத்துவரவில்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முந்தைய மதியப் பொழுதே அவர்களுக்கு உகந்தது என்று அவர்களே சொன்னதால், செவ்வாய்க்கிழமை மதியங்களில் மொழிப் பகிர்வு ஒன்று தொடங்கப்பட்டது. தெலுங்கு பேசும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், அக்கம்பக்கத்தில் பேசவும் கடையில் விலை கேட்கவும் தெலுங்கு சொல்லித்தருகிறார். தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பெண்களுக்கு மற்றவர்கள் எழுத்துச் சொல்லித்தருகிறார்கள். சில மாதங்களில் பாடம் பின்னுக்குப் போய், எல்லோரும் சேர்ந்து உழவர் சந்தைக்குப் போவது முறையாகிவிட்டது. அதில் குறையேதும் இருப்பதாகச் செயற்குழு கருதவில்லை.

நண்பர்களாகச் சேர்ந்து வீடெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களைச் சங்கத்துக்கு அப்பாற்பட்டவர்களாகவே வைத்திருந்த விதியைச் சிறப்புத் தீர்மானத்தால் திருத்தி, வாடகைதாரர் அனைவரும் குறைந்த சந்தாவில் உறுப்பினராக வழி செய்துள்ளோம்.

இரண்டு கட்டுப்பாடுகளையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். கூட்டங்களில் காப்பீடு, சீட்டு, சங்கிலித்தொடர் வியாபாரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்று செயற்குழு தீர்மானித்தது. பழகத் தொடங்கிய மூன்றாம் வாரமே ஒருவர் பாலிசிப் படிவத்தை நீட்டினால், மற்றவர் அடுத்த வாரம் வரமாட்டார். மற்றொன்று இதைவிட முக்கியமானது. சொந்த ஊர் எது என்ற இயல்பான விசாரிப்பில் தொடங்கி, அங்கே எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றிவளைத்துச் சாதியைத் தெரிந்துகொள்ள முயலும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அப்படிக் கேட்கப்பட்டவர் முகத்தில் உடனே ஒரு மாற்றம் வருவதையும், அதன் பிறகு அவர் அளந்து அளந்து பேசுவதையும் நான் கண்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்குச் சங்க நிகழ்ச்சிகளில் இடமில்லை என்பதை ஒவ்வொரு குழுப் பொறுப்பாளரும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து, அதைத் தளர்வின்றிக் கடைப்பிடித்துவருகிறோம்.

இறகுப்பந்துக் குழு திடல் கிடைக்காமல் நின்றுபோனது. நூல் வாசிப்புக் கூட்டத்துக்கு இன்னும் போதிய ஆட்கள் சேரவில்லை. வட மாநிலத் தொழிலாளர்களிடம் நம் அழைப்பு போய்ச் சேரவே இல்லை. இந்தி அறிந்த உறுப்பினர்கள் முன்வந்தால் அடுத்த ஆண்டு முதற்பணியாக அதை எடுத்துக்கொள்ளலாம். உலக மக்களில் ஆறில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இப்பணியை உடல்நலம் சார்ந்த பணியாகவே கருதி ஆதரிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக இரண்டு முன்மொழிவுகளை வைக்கிறேன். முதலாவதாக, விருப்பமுள்ள ஒவ்வொரு வீட்டாரும் இரவு நேர அவசரத்துக்கு வரச் சம்மதிக்கும் இரண்டு அயல்வீட்டாரின் பெயரையும் எண்ணையும், அவர்களின் இசைவுடன், தம் வீட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ள உதவும் அட்டை ஒன்றைச் சங்கம் அச்சிட்டு வழங்க வேண்டும். இரண்டாவதாக, சங்க அறையின் சாவியை வீடு வீடாக மாற்றும் முறையை மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்