அறுப்பின் பண்டிகையில் பெயர் வாசிப்பதை நிறுத்துங்கள்

அன்புள்ள சபைச் சங்கத்தாருக்கும் ஆயர் அவர்களுக்கும், ஸ்தோத்திரம்.

பொறையாறு பக்கத்திலிருந்து, இருபது வருடமாக உங்களோடு ஒரே ஆலயத்தில் உட்காருகிறவன் எழுதுகிறேன். கமிட்டியிலேயே பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் அன்றைக்குக் கை தட்டியதில் நானும் உண்டு, சபையே உண்டு, அதனால் எல்லோரும் படிக்கட்டும்.

போன அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த விளைச்சலை ஆலயத்தில் ஏலம் விட்டபோது, ஒரு பூசணிக்காய் 12,000 ரூபாய்க்குப் போனது. ஒருதரம், ரெண்டுதரம் என்று இழுத்து, எடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், பையன் எந்த நாட்டில் வேலை பார்க்கிறான் என்பது வரைக்கும் மைக்கில் வந்தது. அடுத்து மேசைக்கு வந்தது பழைய சேலைத் துணியில் கட்டிய ஒரு மரக்கால் நெல். தை மழையில் சாய்ந்த வயலில் அறுத்தது. துணியை அவிழ்த்தால் பாதி நெல் கறுத்திருந்தது, சிலதில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. "கோழிக்குப் போடலாம்" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. கேட்க ஆளில்லாமல் 50 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார்கள். கொண்டுவந்த அக்கா கடைசி பெஞ்சில்தான் இருந்தார். புருஷன் இல்லாத வீடு, கடைமடையில் குத்தகை நிலம், ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் கடைசியில்தான் அவர் வாய்க்காலுக்கு வரும். மறுநாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நான் ஏலத்துக்குக் கொண்டாரலையே தம்பி, ஆண்டவருக்குத்தானே கொண்டாந்தேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மாற்கு சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையின் பெயர் இன்றுவரை நமக்குத் தெரியாது. இயேசு சீஷர்களைத்தான் பக்கத்தில் அழைத்துச் சொன்னார், அவளை எழுப்பி நிறுத்தவில்லை. அதற்குச் சற்று முன்புதான் விதவைகளின் வீடுகளைப் பட்சித்துக்கொண்டு பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றி எச்சரித்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து நம் ஆலயத்தில் ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயரைப் பற்றி வருடாவருடம் பெருமையாகப் பேசுகிறோம். அவர் 1708-09-இல் டேனிஷ் கோட்டையில் நாலு மாதம் சிறை இருந்தாரே, அந்தச் சண்டை ஒரு விதவையின் வழக்கில் அவர் தலையிட்டதிலிருந்து வந்தது. அந்த மண்ணில் நின்றுகொண்டு நாம் ஒரு விதவையின் நெல்லைப் பார்த்துச் சிரித்தோம்.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தால் 5,001 தருகிறேன் என்று பொருத்தனை செய்தேன், கிடைத்தது, கொடுத்தேன், பெயர் வாசித்தபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து அம்மாவுக்காக அழுது ஜெபித்தும் அம்மா பிழைக்கவில்லை, அப்புறம் ஆறு மாதம் நான் ஆலயப் பக்கமே வரவில்லை. நான் கும்பிட்டது யாரை, எதை என்று அப்போதுதான் யோசித்தேன். "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" என்று, பலன் இல்லாமலா பயந்து நடக்கிறான் என்ற அர்த்தத்தில், சாத்தான் தேவனிடம் கேட்டானே, என்னைக் காட்டிக் கேட்டிருந்தால் அவன் ஜெயித்திருப்பான்.

வேதாரண்யம் பக்கம் என் சித்தப்பா ஒருவர். 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியற்காலை கஜா புயலில் அவர் தென்னை, மா எல்லாம் வேரோடு போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே, ஓடு பறந்த ஆலயத்தில் தார்ப்பாய்க்குக் கீழே, ஈர வேட்டியோடு போய் உட்கார்ந்தார். "மரம் இருக்கிறப்பவும் வந்தேன், இப்பவும் வர்றேன்" என்பார், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மாட்டார். வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி சொல்வது எனக்குப் புரிந்தது அவரைப் பார்த்துத்தான்.

சரி, கேட்பது இவ்வளவுதான். பண்டிகையில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று மைக்கில் வாசிக்க வேண்டாம். ரசீது கொடுங்கள், மொத்தக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், அது போதும். வசூல் குறையும், கூரை வேலை இன்னும் ஒரு வருடம் தள்ளும் என்பீர்கள். தள்ளட்டும், வாளி வைத்துக்கொள்வோம். சாட்சி வேளையில் விசா வந்தவரும் கிரயம் முடித்தவரும் மட்டும் எழுந்து நிற்கிறார்கள். கேட்டது கிடைக்காமலே ஞாயிறு தவறாமல் வருகிறவர்களையும் கூப்பிடுங்கள், அவர்கள் பேசாமல் அழுதாலும் பரவாயில்லை.

அந்த அக்கா இந்த வருடமும் நெல் கொண்டுவருவார். அதை ஏல மேசைக்கு எடுத்துப்போகாமல் பீடத்தண்டையிலேயே விட்டுவிடுங்கள்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபையான் ஒருவன்