கரண்ட் போனால் போனும் போச்சு

ஆசிரியருக்கு வணக்கம்.

முப்பது வருஷமாக வீட்டிலிருந்த தொலைபேசியைப் போன மாதம் இணையவழிக்கு மாற்றினோம். குரல் பளிச்சென்று கேட்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். நான்காம் நாள் இரவு மின்தடை. மாமியார் ரிசீவரை எடுத்தார். டயல் டோன் இல்லை. "செத்துப்போச்சும்மா" என்று என்னிடம் நீட்டினார்.

பழைய செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும். வீடு இருண்டாலும் போன் பேசும். இப்போதோ போன் ஓடுவது வீட்டு மின்சாரத்தில் இயங்கும் மோடம் என்ற இணையப் பெட்டி வழியாக; அது அணைந்தால் கதை முடிந்தது. மாற்ற வந்தவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மோடத்துக்கென்று ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி மாட்டிய பிறகுதான் மாமியாருக்குத் தூக்கமே வந்தது (கைபேசி என்றாலே அவருக்கு ஆகாது).

இன்னொன்று. பழைய எண்ணே வேண்டுமென்றால், அது புதிய சேவையில் மணி அடிக்கும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள். அவசரப்பட்டால் எண் கைவிட்டுப் போகலாம். நான் கடிதம் எழுதி, கையெழுத்தும் போட்டு, கடைசி நிமிஷத்தில் கிழித்தேன்.

மின்தடையில் போன் வேலை செய்யாது என்பதை விண்ணப்பத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட நிறுவனங்களுக்கு என்ன தயக்கம்?

இப்படிக்கு,
ஒரு வாசகி