போகா ரட்டோனிலிருந்து, ஏப்ரல் 3, 2023

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். நீ கேட்ட வேலை விஷயமெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், இப்போது மண்டைக்குள் பாஸ்கெட்பால் தவிர வேறெதுவும் இல்லை. சிரிக்காதே.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகம். வளாகத்தில் தரைக்குள் வளையில் குடியிருக்கும் சின்னஞ்சிறு ஆந்தைகள் உண்டு, அதனால் டீமுக்கும் ஆந்தைகள் என்றே பெயர். நாங்கள் இங்கே வந்த புதிதில் இந்த டீமைப் பற்றி உள்ளூரிலேயே யாரும் பேசிக் கேட்டதில்லை. மார்ச்சில் நாடு முழுக்க 68 கல்லூரி டீம்கள் மோதும் போட்டி நடக்கும், தோற்றால் அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்கு இவர்கள் முன்னால் தகுதி பெற்றது ஒரே தடவை, 2002இல், அதிலும் முதல் ஆட்டத்திலேயே காலி.

இந்த வருஷம் நடந்ததைக் கேள். நவம்பரில் ஜெயிக்க ஆரம்பித்தவர்கள் தொடர்ந்து 20 ஆட்டம் ஜெயித்தார்கள். சுமார் 3,000 பேர் உட்காரும் குட்டி அரங்கம், பாதி காலியாகக் கிடந்தது, ஜனவரிக்குள் இடம் பிடிக்க அடிதடி. அதுவரை லிஃப்டில் தலையைக் குனிந்தபடி நிற்கும் அக்கம்பக்கத்தார் என்னிடம் ஸ்கோர் கேட்க ஆரம்பித்தார்கள், அண்ணா! வானிலையைத் தவிர இவர்களோடு பேச எனக்கு வேறு விஷயம் கிடைத்ததே இதில்தான்.

மார்ச்சில் முதல் ஆட்டம் மெம்ஃபிஸோடு. கடைசி சில செகண்டில் நிக் பாய்ட் பந்தைக் கூடைக்குள் போட்டு 66-65. அப்புறம் நியூயார்க்கில் டென்னசியையும் கான்சாஸ் ஸ்டேட்டையும் சாய்த்துவிட்டு, கடைசி நாலு டீம்களில் ஒன்றாக ஹூஸ்டனுக்குப் போய் நின்றார்கள். டிவிக்காரர்கள் இதை அதிர்ஷ்டம், தேவதைக் கதை என்று சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 35 ஆட்டம் ஜெயிப்பது என்ன அதிர்ஷ்டம்? ஆட்டத்துக்கு சராசரி 14 புள்ளி எடுக்கும் ஆள்கூட இந்த டீமில் கிடையாது, ஒன்பது பேரை மாற்றி மாற்றி இறக்குவார் கோச் டஸ்டி மே, எதிரணி யாரைத்தான் மடக்கும்? அதுதான் சூட்சுமம் என்பது என் கட்சி.

சனிக்கிழமை சான் டியாகோ ஸ்டேட்டோடு அரையிறுதி. 70,000 பேருக்கு மேல் கூட்டம், ஒரு கட்டத்தில் நம்மவர்கள் 14 புள்ளி முன்னால், நான் சோபா மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் கிட்டே வந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு புள்ளி முன்னிலை, நம் பையன் போட்டது உள்ளே போகவில்லை, அவர்கள் பந்தைப் பிடித்து ஓடினார்கள், மணி அடிக்கிற நேரத்தில் லமான்ட் பட்லர் எறிந்த பந்து உள்ளே. 72-71. மாடியில் யாரோ நாற்காலியைத் தள்ளிய சத்தம் கேட்டது, அவ்வளவு பேர் ஒரே சேனலில்.

இன்று இரவு சான் டியாகோவும் கனெக்டிகட்டும் இறுதி ஆட்டம். பார்க்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், பார்ப்பேன் என்று உனக்கே தெரியும். கனெக்டிகட் ஜெயிக்கட்டும்.

அடுத்த சீசனுக்கு இப்போதே டிக்கெட் கேட்டு வைக்கப் போகிறோம். குட்டிப்பயலுக்கு டீம் பெயர் போட்ட டீ ஷர்ட் அனுப்புகிறேன், அளவு எழுது, போன தடவை மாதிரி "உத்தேசமா பார்த்து வாங்கு" என்று எழுதாதே.

அன்புடன்,
உன் தங்கை