ஸ்போர்ட்ஸ் காரை எப்போது மாற்றுவது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

சர்வீஸ் முடிந்து சாவியை வாங்கும்போது உங்களில் பலர் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்துக்கொள்ளலாம்? இப்போதே கொடுத்துவிட்டு வேறு எடுத்துவிடலாமா?" வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதுகிறோம். வண்டி விற்பது எங்கள் தொழில் அல்ல, பராமரிப்பதும் பழுதுபார்ப்பதும்தான். நீங்கள் வண்டியை வைத்துக்கொண்டால் எங்களுக்கு வேலை கிடைக்கும். அதை மனதில் வைத்தே படியுங்கள். விற்றுவிடுங்கள் என்று நாங்களே சொல்கிற இடங்களும் இந்த மடலில் உண்டு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஸ்போர்ட்ஸ் காரை மாற்ற நல்ல சமயம் இரண்டுதான். ஒன்று, வாரண்டி முடிவதற்குச் சற்று முன்னால். இன்னொன்று, விலை இறங்கவேண்டிய மட்டும் இறங்கி நின்ற பிறகு, நீங்கள் விரும்புகிற எந்த வருடமும். இந்த இரண்டுக்கும் நடுவில், ஐந்து முதல் எட்டு வயதுக்குள், ஒரு பெரிய பில்லைக் கட்டிய கையோடு மனம் வெறுத்து விற்பதுதான் அதிக நஷ்டம். பெரும்பாலானோர் செய்வதும் அதைத்தான்.

ஏன் என்று சொல்கிறோம். புது வண்டியின் விலை முதல் மூன்று வருடங்களில்தான் செங்குத்தாக இறங்கும். அதன் பிறகு இறக்கம் மெதுவாகும். செலவு இதற்கு நேர் எதிர்: முதல் சில வருடங்களில் ஆயிலும் ஃபில்டரும் டயரும் தவிர அதிகம் இருக்காது, வாரண்டி போனபிறகுதான் கிளட்ச், ஷாக் அப்சார்பர், வாட்டர் பம்ப், சஸ்பென்ஷன் புஷ் என்று ஒவ்வொன்றாக வரும். நடு வயதில் விற்கிறவர் மதிப்பிறக்கம் முழுவதையும் தாங்கிவிட்டு, பழுதுச் செலவின் முதல் பெரிய தவணையையும் கட்டிவிட்டு, அந்த இரண்டின் பலனையும் அடுத்தவரிடம் கொடுக்கிறார். புது கிளட்சும் புது டயரும் போட்ட வண்டிக்கு, போட்ட பணம் விலையில் திரும்பி வருவதில்லை. கொஞ்சம் சீக்கிரம் விற்க உதவும், அவ்வளவுதான்.

இதைச் சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. வாங்கிய விலையிலிருந்து இன்று விற்றால் கிடைக்கும் விலையைக் கழியுங்கள். இதுவரை செய்த பராமரிப்புச் செலவையும் இன்ஷூரன்ஸையும் கூட்டுங்கள். வைத்திருந்த வருடங்களால் வகுங்கள். பிறகு, இன்னும் இரண்டு வருடம் வைத்திருந்தால் அந்த இரண்டு வருடங்களுக்கு மட்டும் என்ன ஆகும் என்று தனியாகப் போட்டுப் பாருங்கள். முடிவெடுக்க உதவுவது இரண்டாவது கணக்குதான். முதலாவது போன பணம். வண்டியை விற்றாலும் வைத்துக்கொண்டாலும் அது திரும்பாது. புது வண்டியின் முதல் இரண்டு வருட மதிப்பிறக்கத்தையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். பழைய வண்டிக்கு வரப்போகும் பெரிய பில் அதைவிடச் சிறியதாக இருப்பதைப் பல சமயம் பார்ப்பீர்கள்.

சாதாரணக் காருக்கு விஷயம் இத்தோடு முடிந்துவிடும். ஸ்போர்ட்ஸ் காருக்கு முடியாது. அடுத்து வரும் மாடல் எல்லா வகையிலும் மேலானதாக இருக்கும் என்ற உறுதி இங்கே இல்லை. 2013-ல் வந்த போர்ஷே 911 ஜிடி3-ல் மேனுவல் கியர்பாக்ஸே கிடையாது. இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். அதற்கு முந்தைய ஜிடி3 மேனுவலில் மட்டுமே வந்தது. காலால் கிளட்ச் மிதித்து ஓட்ட விரும்பியவர்கள் பழையதைத் தேடிப் போனார்கள். 2016-ல் 911 ஆர் என்று 991 வண்டிகள் மட்டும் மேனுவலில் செய்தார்கள். 2017-ல் ஜிடி3-லும் மேனுவல் திரும்பி வந்தது. இதுபோலத்தான் 2015-ல் ஃபெராரி 458-க்குப் பதிலாக டர்போ இன்ஜினுடன் 488 வந்தது (டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் தள்ளும் கருவி; சத்தத்தையும் சற்று அடக்கிவிடும்). அதே ஆண்டு சாதாரண 911 கரேராவும் டர்போவுக்கு மாறியது. 2016-ல் போர்ஷே கேமன் ஆறு சிலிண்டரை விட்டு நான்கு சிலிண்டர் டர்போவுக்கு வந்தது. புதியவை வேகமானவைதான், சந்தேகமில்லை. ஆனால் இன்ஜின் மேலே சுற்றச் சுற்ற எழும் அந்தச் சத்தத்துக்காக வண்டி வாங்கியவருக்கு அவை மாற்று ஆகவில்லை. ஹோண்டா எஸ்2000, 1999 முதல் 2009 வரை வந்தது. அதன் பிறகு அதன் இடத்துக்கு ஹோண்டா வேறு வண்டியே கொண்டுவரவில்லை.

ஆகவே, மாற்றுவதற்கு முன் நாங்கள் உங்களைக் கேட்கும் முதல் கேள்வி இது: இப்போதைய வண்டியில் உங்களுக்குப் பிடித்தது எது, அது அடுத்ததில் இருக்கிறதா? இல்லையென்றால் ஷோரூமில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அரை நாள் வாங்கி, உங்களுக்குப் பழக்கமான சாலையில் ஓட்டுங்கள். புது வண்டியின் மணமும் திரையும் கண்ணை மறைக்கும். ஸ்டீயரிங் கையில் என்ன சொல்கிறது, பெடல் காலில் எப்படி உட்காருகிறது என்பதெல்லாம் கொஞ்ச தூரம் போனபிறகுதான் தெரியும்.

இனி எங்கள் தொழிலுக்கு வருகிறோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் தவறான முடிவுகள் பெரும்பாலும் இங்கேதான் எடுக்கப்படுகின்றன.

ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கே உரிய பெரிய வேலை ஒன்று இருக்கும். அது எப்போது வரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஃபெராரி எஃப்355-ல் டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பட்டை) மாற்ற இன்ஜினையே கீழே இறக்கவேண்டும். அடுத்து வந்த 360 மாடெனாவில் சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்தே மாற்றிவிடலாம். 2004-ல் வந்த எஃப்430-ல் பெல்ட்டுக்குப் பதில் செயின் வைத்துவிட்டார்கள். அடுத்தடுத்து வந்த மூன்று மாடல்கள். பராமரிப்பில் மூன்றும் மூன்று விதம். எஃப்355 வைத்திருப்பவர், வண்டியை எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதை அடுத்த பெல்ட் எப்போது என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல, வருடமும் கணக்கு. ஓடாமல் நின்றாலும் அது பழசாகும்.

போர்ஷேயின் முதல் பாக்ஸ்டரிலும் 996 என்று அழைக்கப்படும் 911-லும் இன்ஜினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உடைந்தால் இன்ஜினே போகக்கூடும். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே அதையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். இரண்டு வேலைக்கும் கூலி பெரும்பாலும் ஒன்றே. ஆனால் அவற்றுக்கு அடுத்த தலைமுறையில், 2006 முதல் 2008 வரை வந்த இன்ஜின்களில் பெரிய பேரிங் ஒன்றை வைத்தார்கள். இன்ஜினை முழுவதும் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலிலிருந்து வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே இல்லை. பிஎம்டபிள்யூ இ46 எம்3-ல் பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் இடத்தில் அடித்தகடு விரிசல் விடும். அதற்கடுத்து வந்த வி8 (எட்டு சிலிண்டர்) எம்3-ல் பிஸ்டனின் கனெக்டிங் ராடு பேரிங் தேயும். இவை ஒன்றும் அந்த வண்டிகளை விற்றுவிடக் காரணம் அல்ல. சரிசெய்துவிட்டால் அவை அருமையான வண்டிகள். ஆனால் அந்த வேலை செய்தாயிற்றா இல்லையா என்று தெரியாமல் வைத்திருப்பதும் வாங்குவதும்தான் ஆபத்து.

இங்கே எங்கள் உறுதியான ஆலோசனை ஒன்று. விற்பதா வைத்துக்கொள்வதா என்ற முடிவைப் பெரிய வேலைக்கு ஆறு மாதம் முன்பே எடுங்கள். பில் கைக்கு வந்த அன்று எடுக்காதீர்கள். வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் வேலையை முழுமையாகச் செய்துவிட்டு, குறைந்தது நான்கு வருடம் அதன் பலனை அனுபவியுங்கள். விற்கப் போகிறீர்கள் என்றால் வேலை வரப்போகிறது என்பதை வாங்குகிறவரிடம் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள். மறைத்து விற்கும் வண்டிக்கு நாங்கள் துணை நிற்பதில்லை. யாராவது வாங்குமுன் எங்களிடம் சோதனைக்குக் கொண்டுவந்தால் பார்த்ததைத்தான் சொல்வோம்.

குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓடோமீட்டரில் எண் சிறியதாக இருந்தால் விலை அதிகம் கிடைக்கும், உண்மை. அதனாலேயே சிலர் வண்டியை எடுப்பதே இல்லை. பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டால் ஆயில் முழுதாகச் சூடாகாது. அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் தங்கிவிடும். ஆயில் சீல்கள் காய்ந்து கசியும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும்: டாட் 4 என்ற தர பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய நிலைக்கு விதிப்படி 155 டிகிரி இருந்தால் போதும். ரேஸ் டிராக்கில் நாலு முறை அழுத்தி பிரேக் பிடித்தால் ஆயில் கொதித்துப் பெடல் தரைக்கு இறங்குவதற்கு இந்த வித்தியாசம் போதும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

டயரும் அப்படித்தான். பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. டயரின் பூ (மேல்பரப்பின் பள்ளங்கள்) ஆழமாக இருக்கிறதே என்று பத்து வயது டயரில் வேகமாகப் போகாதீர்கள். ரப்பர் இறுகியிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. ஆறு வயதைத் தாண்டிய டயரை நாங்கள் ஒவ்வொரு சர்வீஸிலும் தனியாகப் பார்த்துச் சொல்கிறோம்.

வருடம் முழுக்க மூடி வைத்து ஓரிரு முறை மட்டும் எடுக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இது: ஓட்டுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். வேறு யாராவது மகிழ்ச்சியாக ஓட்டட்டும். இதை மனமாரச் சொல்கிறோம். ஓட்டப்படாமல் கெட்ட ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்துப் பார்ப்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தமான வேலை.

நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவர்கள் உதிரிபாகத்தைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5-க்குப் பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஏராளமாக விற்ற வண்டி என்பதால் மட்டுமல்ல, 2017-ல் மாஸ்டாவே முதல் தலைமுறையைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் அறிவித்து, துணிக் கூரை முதலான பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. நிஸான், ஆர்32 ஜிடி-ஆருக்கு அதே 2017-ல் பழைய பாகங்களைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. டொயோட்டா 2020-ல் பழைய இரண்டு தலைமுறை சூப்ராவுக்கு அதைச் செய்தது. எல்லா நிறுவனமும் எல்லா மாடலுக்கும் இப்படிச் செய்வதில்லை. இன்ஜின் பாகங்களை எங்காவது கடைந்து எடுத்துவிடலாம். கண்ட்ரோல் யூனிட், டிஸ்ப்ளே, மாடலுக்கென்றே செய்த சென்சார் இவை கிடைக்காமல் போனால்தான் வண்டி வருடக்கணக்கில் நிற்கும். உங்கள் மாடலுக்கு எந்தப் பாகம் கிடைப்பது குறைந்துவருகிறது என்று கேளுங்கள், சொல்கிறோம். அதில் ஒன்றை முன்பே வாங்கி வைப்பது பல சமயம் நல்லது.

துரு வேறு விஷயம். பேரிங்கை மாற்றலாம், பெல்ட்டை மாற்றலாம். பாடியின் உள்தகட்டில் பரவிய துருவுக்குச் செய்யும் செலவுக்கு எல்லை தெரியாது. அப்படி ஒரு வண்டியைத் தூக்கியில் ஏற்றிப் பார்த்துவிட்டு நாங்கள் "விட்டுவிடுங்கள்" என்று சொன்னால், அது யோசித்துச் சொன்னது.

பணமும் இரும்பும் தவிர உங்கள் வாழ்க்கையும் இருக்கிறது. குழந்தை பிறந்திருக்கலாம், முதுகு வலிக்கலாம், வேலை இடம் மாறியிருக்கலாம். தாழ்வான சீட்டிலிருந்து எழ முடியவில்லை என்பது வண்டியை மாற்ற முழுமையான காரணம். அதற்கு யாரிடமும் கணக்குக் காட்டவேண்டியதில்லை. அதேபோல், மெக்கானிக் சொன்ன கணக்கு எதுவாக இருந்தாலும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்னும் சந்தோஷம் வருகிறதென்றால் அதுவும் வைத்துக்கொள்ள முழுமையான காரணம்.

முடிவெடுக்க யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்த முறை வரும்போது சர்வீஸ் புத்தகம், பழைய பில்கள், டயர் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். வண்டியைத் தூக்கியில் ஏற்றி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) பார்த்து, கம்ப்யூட்டரில் பழைய பிழைப் பதிவுகளைப் படித்து, அடுத்த மூன்று வருடங்களில் என்னென்ன வேலை வரும், எது அவசரம், எது பொறுக்கும் என்று ஒரு தாளில் எழுதித் தருகிறோம். எங்களிடம் அந்த வேலைகளைச் செய்யவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தத் தாளை வாங்குகிறவரிடம் காட்டவும் செய்யலாம். அரை நாள் வேலை என்பதால் முன்பே சொல்லிவிட்டு வாருங்கள். பெரிய சர்வீஸ் வரவேண்டிய வண்டிகளுக்கு முதலில் இடம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
உங்கள் பட்டறையினர்