இரைச்சல்னு ஒதுக்குறதுக்கு முன்னாடி ஒரு ஆல்பத்தையாவது முழுசா கேளுங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பெங்களூரு பதிப்புல வாசகர் கடிதம் பகுதியில ஒரு பெரியவர் எழுதியிருந்தத படிச்சேன். இந்தக் காலத்துப் பசங்க காதுல மாட்டிக்கிட்டு கேக்குறதுல பாதி சங்கீதமே இல்ல, வெறும் அலறல், கேட்டு கேட்டு பசங்க மூர்க்கமா ஆயிடுறாங்க, பெத்தவங்க கண்டிக்கணும்னு எழுதியிருந்தாரு. அவர் வயசுக்கும் அக்கறைக்கும் மரியாதை வெச்சேதான் சொல்றேன், எனக்கு அதுல கொஞ்சம் கூட உடன்பாடு இல்ல. நான் அல்சூர்ல இருக்கேன், ஸ்கூல் டீச்சர், வயசு நாப்பத்தஞ்ச தாண்டியாச்சு, கர்நாடக சங்கீதமும் கேப்பேன் ராஜா சார் பாட்டும் கேப்பேன், அதோட கூடவே அவர் அலறல்னு சொல்ற மெட்டல் (கனமான கிட்டாரும் ட்ரம்மும்), நாய்ஸ் (மெட்டில்லாத வெறும் இரைச்சல்), ஃப்ரீ ஜாஸ் (கட்டுப்பாடில்லாம கற்பனையா வாசிக்கிற ஜாஸ்), ட்ரோன் (ஒரே சுருதி நீண்டுக்கிட்டே போறது) எல்லாத்தையும் பல வருஷமா தேடித் தேடி கேட்டுக்கிட்டு வரேன், என் தம்பிதான் இதுக்கு கூட்டாளி. இந்த ஆல்பங்கள் எதையுமே அரை நிமிஷம் கேட்டுட்டு தீர்ப்பு சொல்லக் கூடாது, ஒக்காந்து முழுசா கேட்டுட்டு அப்புறம் பிடிக்கலன்னு சொன்னா அது நியாயம், இதுதான் நான் சொல்ல வந்தது.

முதல்ல, நம்ம காதுக்கு இதெல்லாம் புதுசே இல்லங்க. ஆடி மாசம் எங்க ஏரியா மாரியம்மன் கோயில்ல பம்பையும் உடுக்கையும் சேர்ந்து முழங்கும்போது பக்கத்துல நிக்கிறவங்க பேசுறது காதுல விழாது, உறுமியில வளைஞ்ச குச்சிய தோல்ல தேய்ச்சு ஒரு சத்தம் எடுப்பாங்களே, அது அடிவயித்துல போய் இறங்கும், கைக்குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு பொம்பளைங்க அங்கயேதான் நிப்பாங்க. சாவு வீட்டுப் பறைய கேட்டு யாரும் காத பொத்திக்கிட்டு ஓடினது இல்ல. அது எதுக்காக அடிக்கிறாங்கன்னு நமக்கு சின்ன வயசுலயே தெரியும், அதனால சத்தத்துக்குள்ள இருக்குற ஒழுங்கு தானா நம்ம காதுக்கு வந்துடுது. வெளியூர் சங்கீதத்துக்கு அந்தப் பின்னணி நமக்குத் தெரியாது, அத தெரிஞ்சுக்கிட்டு கேட்டா அதே மாதிரி வழி திறக்குது.

ஒரு உதாரணம் சொல்றேன். இங்கிலாந்துல பர்மிங்காம்ல இருந்து வந்த நேபாம் டெத்ங்கிற பேண்ட், 1987ல ஸ்கம்னு ஒரு ஆல்பம் போட்டாங்க, 28 பாட்டு, மொத்தமா 33 நிமிஷம்தான் வரும், அதுல ஒரு பாட்டு 1.316 செகண்ட், உலகத்துலயே சின்னப் பாட்டுன்னு கின்னஸ்ல இருக்கு. பாடுறது என்னன்னு முதல் தடவ ஒரு வார்த்த புரியாது. ஆனா வரிய எடுத்துப் படிச்சீங்கன்னா ஏழை நாட்ட சுரண்டுற பன்னாட்டுக் கம்பெனி, பணத்தாசை, ஜனங்க படுற பாடு, இதான் விஷயம். கோவத்த கோவமாவே பாடியிருக்காங்க, இதுல புத்தி கெட்டுப்போக என்ன இருக்கு? எங்க தெருவுல ஒரு தவில்காரர் இருக்காரு, கல்யாணம் கோயில்னு காலமெல்லாம் வாசிக்கிறவரு, அண்ணன்னுதான் கூப்பிடுவோம். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தம்பி இந்த ஆல்பத்த ஸ்பீக்கர்ல போட்டிருந்தப்போ எங்க வீட்டுக்கு வந்தாரு. மொதல்ல மூஞ்சிய சுளிச்சாரு, அப்புறம் தலைய ஒரு பக்கம் சாய்ச்சுக்கிட்டு கேட்டாரு, கொஞ்ச நேரத்துல டம்ளர கீழ வெச்சுட்டு ரெண்டு கையாலயும் தொடையில தட்டிப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. ஸ்நேர்ங்கிற குச்சி ட்ரம்மும் கால் ட்ரம்மும் மாத்தி மாத்தி மூச்சு விடாம அடிக்கிற அந்த அடிக்கு ப்ளாஸ்ட் பீட்னு பேரு, அந்த ட்ரம்மர் மிக் ஹாரிஸ்தான் அந்தப் பேர பரப்பினவர்னு சொல்லுவாங்க. அண்ணன் இன்னொரு தடவ போடச் சொல்லி கேட்டுட்டு, "கணக்கு ஒண்ணும் பெருசா இல்ல டீச்சரம்மா, நேரா ஓடுது, ஆனா இந்த வேகத்துல கை தளராம ஒரே அழுத்தமா விழுது பாருங்க, சாதகம் பண்ணாம இது வராது"ன்னாரு. தொழில் தெரிஞ்சவரு காதுக்கு அது உடனே புரிஞ்சுடுச்சு. அவருக்கு பாட்டு பிடிக்கல, அதையும் சொன்னாரு, ஆனா அது வித்தை இல்லன்னு சொல்லல.

அந்த உறுமல் குரலப் பத்தியும் சொல்லணும், நிறைய பேருக்கு பெரிய தடங்கலே அதுதான். தொண்டையில நம்ம பேசுற குரல் நாணுக்கு மேல பொய்க் குரல் மடிப்புன்னு ரெண்டு மடிப்பு இருக்கு, டெத் மெட்டல்ங்கிற மெட்டல் வகைய பாடுறவங்க அத அதிர வெச்சுத்தான் அந்த அடித்தொண்டைக் குரல வரவழைக்கிறாங்க, மங்கோலியா பக்கத்துல துவாங்கிற ஊர்க்காரங்க பாடுற கார்கிராங்கிற தொண்டைப் பாட்டுக்கும் அதே மடிப்புதான் வேலை செய்யுது. இத கேக்க அவ்வளவு தூரம் போகவே வேணாம், நம்ம மைசூர் பக்கத்துல ஹுன்சூர்ல திபெத்காரங்க குடியிருப்புல க்யூத்மே மடம் இருக்கு, அந்தத் தாந்திரீக மடத்து பிட்சுக்கள் மந்திரம் ஓதுறப்போ ஒரே தொண்டையில அடி சுரமும் அதுக்கு மேல இன்னொரு சுரமும் ஒண்ணா கேக்கும். பெங்களூருல இருந்து கிளம்பி கூர்க் போற எத்தனையோ பேர் அந்த வழியாத்தான் போறாங்க, நின்னு கேட்டவங்க எத்தன பேர்னு தெரியல.

வேகமும் அலறலும் ஒரு பக்கம்னா இன்னொரு பக்கம் அசையாத சங்கீதம். அமெரிக்காவுல எர்த்னு ஒரு பேண்ட் 1993ல போட்ட எர்த் 2, மூணே மூணு ட்ராக், 73 நிமிஷம், கிட்டாரோட ஒரு கனமான சத்தம் அப்படியே நீண்டுக்கிட்டே போகுது. இந்த மாதிரி நீண்ட சுருதி சங்கீதத்துக்கு அடித்தளம் போட்டவங்கள்ல ஒருத்தரு லா மாண்ட் யங்ங்கிற அமெரிக்க இசையமைப்பாளர், அவரு 1970ல இருந்து பண்டிட் ப்ரான் நாத்கிட்ட ஒக்காந்து ஹிந்துஸ்தானி கத்துக்கிட்டவரு, ஆக தம்புரா போன வழியிலதான் இதுவும் போயிருக்கு. பாரிஸ்ல எலியான் ராதீக்னு ஒரு அம்மா, ஏஆர்பி 2500ன்னு ஒரு சிந்தசைசர மட்டும் வெச்சுக்கிட்டு, திபெத்திய பௌத்தத்துல ஆழமா இறங்கி, சாவப் பத்தி மூணு பாகமா ஒரு இசை பண்ணியிருக்காங்க, மூணு மணி நேரத்துக்குக் கிட்ட வரும். ஒண்ணுமே நடக்கலையேன்னு தோணும், அஞ்சு நிமிஷம் கழிச்சு கவனிச்சா சத்தம் மாறியிருக்கும், எப்ப மாறுச்சுன்னு சொல்ல முடியாது. ஜெர்மனியில ஹால்பர்ஸ்டாட்னு ஒரு ஊர் சர்ச்சுல ஜான் கேஜ்ங்கிற அமெரிக்க இசையமைப்பாளர் எழுதின ஒரு ஆர்கன் இசைய 2001ல ஆரம்பிச்சாங்க, 2640ல முடியும், சுரம் மாறுற நாளுக்கு ஜனங்க டிக்கெட் வாங்கி வந்து நிக்கிறாங்க.

இதுல என்னை ரொம்ப உலுக்கினது வில்லியம் பஸின்ஸ்கிங்கிற அமெரிக்க இசையமைப்பாளரோட டிஸ்இன்டெக்ரேஷன் லூப்ஸ். கேசட் காலத்துல வளந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். டேப்ல பாட்டு நிக்கிறது அந்தப் பிளாஸ்டிக் நாடா மேல பூசியிருக்குற பழுப்புப் பொடியிலதான், ஓட ஓட அது உதிர்ந்து ஹெட்ல ஒட்டிக்கும், நாமளே பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு துடைச்சிருக்கோம், பஞ்சு பழுப்பாயிடும். இவரு எண்பதுகள்ல பண்ணி வெச்ச சின்னச் சின்ன டேப் வளையங்கள, அதாவது ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி ஒட்டின டேப் துண்டுகள, 2001ல கம்ப்யூட்டருக்கு மாத்தலாம்னு ஓட விட்டிருக்காரு, ஒவ்வொரு சுத்துக்கும் பொடி உதிர உதிர மெட்டுல ஒரு ஓட்டை விழுது, அப்புறம் இன்னொரு ஓட்டை, அவரு நிறுத்தாம அத அப்படியே ரெக்கார்ட் பண்ணிட்டாரு. முதல் துண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல. ஆரம்பத்துல முழுசா இருக்குற ஊதுவாத்திய மெட்டு கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு, கடைசியில விட்டு விட்டு ஒரு முனகலா மட்டும் வருது. அவரு நியூயார்க்குல இத முடிச்ச சமயத்துலதான் செப்டம்பர் 11 நடந்துச்சு, மொட்டை மாடியில இருந்து புகைய பாத்துக்கிட்டே நண்பர்களோட இத கேட்டிருக்காரு. அரை நிமிஷ கிளிப்ல இது எப்படிங்க புரியும்? தேயுறதுக்கு நேரம் வேணும்ல.

ஜாஸ் பக்கம் சாக்ஸஃபோன் வாசிக்கிற ஜான் கோல்ட்ரேன், 1965 ஜூன்ல 11 பேர ஸ்டுடியோவுல ஒண்ணா நிக்க வெச்சு அசென்ஷன்னு 40 நிமிஷத்துக்கு ஒரே மூச்சா வாசிச்சது, எல்லாரும் சேர்ந்து கொந்தளிக்கிறது, அப்புறம் ஒருத்தர் தனியா, மறுபடி எல்லாரும், இப்படி மாறி மாறி வரும், இந்த அமைப்ப பிடிச்சுக்கிட்டா போதும், மத்தது தானா வரும். அவரோட மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971ல வெளியிட்ட ஆல்பம் ஜர்னி இன் சச்சிதானந்தா, தம்புரா சுருதி மேல ஹார்ப்பும் சாக்ஸஃபோனும் வரும். அந்த சச்சிதானந்தா யாருன்னு நினைக்கிறீங்க, நம்ம கோயம்புத்தூர் பக்கத்துல செட்டிபாளையத்துல பொறந்த சுவாமி சச்சிதானந்தர், 1969ல அமெரிக்காவுல நடந்த உட்ஸ்டாக் இசை விழாவோட தொடக்கத்துல ஆசி சொன்னவரு. அந்த அம்மா பின்னாடி சன்னியாசம் வாங்கி கலிஃபோர்னியாவுல ஆசிரமம் வெச்சு சிந்தசைசரோட பஜனை பாடினாங்க. ஒரு கோயம்புத்தூர்க்காரர் பேரு ஜாஸ் சரித்திரத்துல இவ்வளவு பெரிய இடத்துல இருக்கு, தமிழ்ப் பத்திரிகையில நான் ஒரு வரி படிச்சதில்ல, அந்த ஆதங்கம் எனக்கு உண்டு.

அதே மாதிரி மும்பையில சரண்ஜித் சிங், ஹிந்தி சினிமா ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சவரு, 1982ல ரோலண்ட் 303, 808னு அப்ப புதுசா வந்த எலக்ட்ரானிக் இசை மெஷின்கள வெச்சு பத்து ராகத்த டிஸ்கோ தாளத்துல போட்டாரு. அப்ப யாரும் கண்டுக்கல. சிகாகோவுல அதே 303 மெஷின் சத்தத்துல ஆசிட் ஹவுஸ்னு ஒரு புது வகை டான்ஸ் இசையே கிளம்பினது 1987ல, இவரு அஞ்சு வருஷம் முந்தி. ஒரு டச்சுக்காரர் டெல்லியில பழைய ரெக்கார்ட் ஒண்ண கண்டெடுத்து 2010ல மறுபடி வெளியிட்டப்புறம்தான் உலகம் திரும்பிப் பாத்துச்சு. அதுல பூபாலின்னு இருக்குறது நம்ம மோகனம், மால்கவுன்ஸ் நம்ம ஹிந்தோளம், ராகம் தெரிஞ்ச நம்ம வீட்டுப் பெரியவங்க ஆரம்பிக்கிறதுக்கு இதவிட நல்ல வாசல் கிடையாது.

எல்லாமே எனக்குப் பிடிச்சதுன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடோட மெட்டல் மெஷின் மியூசிக், 1975, வெறும் கிட்டார் ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் சத்தமே திரும்ப கிட்டாருக்குள்ள போய் கிளம்புற ஊளை, கடைசி வரைக்கும் கேட்டேன், என் மனசுல ஒண்ணும் நிக்கல. ஜப்பான்ல மெர்ஸ்போங்கிற பேர்ல மசாமி அகிதா போட்ட பல்ஸ் டீமன், 1996, அதுவும் முழு நாய்ஸ்தான், ஆனா அதுக்குள்ள அலை அலையா ஒரு ஓட்டம் இருக்கு, கொஞ்ச நேரம் போனா காது அந்த இரைச்சல தனித்தனியா பிரிச்சு கேக்க ஆரம்பிக்குது, அது எனக்குப் பிடிச்சுது. முழுசா கேட்டதாலதான் ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியுது.

சத்தத்தப் பத்தி பெத்தவங்க பயப்படுறதுல ஒரே ஒரு விஷயம் ரொம்ப சரி, அது காது. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல்னா 4 மணி நேரம்தான்னு சொல்லுது, மெலடிப் பாட்டா இருந்தாலும் இதே கணக்குதான். எங்க வீட்டுல நாங்க பேசுனா கேக்குற அளவுக்குத்தான் வைப்போம், போன ஓரமா வெச்சுட்டு, லைட்ட கொஞ்சம் கம்மி பண்ணிட்டு, பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குற நேரம் தவிர்த்து. மெட்ரோவுல பர்ப்பிள் லைன் இரைச்சலுக்கு மேல கேக்கணும்னு ஹெட்போன ஏத்துறாங்களே பசங்க, அதத்தான் கண்டிக்கணும், எந்தப் பாட்டுங்கிறத இல்ல.

நம்ம ஊரு மெட்டலுக்கு பேர் போன ஊர்ங்க. உலகப் புகழ் மெட்டல் பேண்டுகள்ல 2007 மார்ச்ல அயர்ன் மெய்டன் பேலஸ் கிரவுண்ட்ஸ்ல வாசிச்சாங்க, 2011 அக்டோபர்ல மெட்டாலிகா அதே இடத்துல. இங்கேயே பொறந்து வளந்த க்ரிப்டோஸ்ங்கிற பேண்ட் 1998ல இருந்து இருக்காங்க, ஜெர்மனியில வாக்கன் மெட்டல் திருவிழா மேடை வரைக்கும் போயிட்டு வந்தவங்க. பெவர் சீன்னு மெதுவா கனமா வாசிக்கிற இன்னொரு நல்ல பேண்டும் இங்கதான். இவங்கள எல்லாம் இங்கிலீஷ் பேப்பர் எழுதுது, நம்ம பேப்பர்ல இசைன்னா சினிமா ஆடியோ ரிலீஸ், மார்கழிக் கச்சேரி, அதோட சரி.

அதனால ஆசிரியர் அவர்கள்கிட்ட என் வேண்டுகோள் என்னன்னா, ஞாயிறு இணைப்புல வாரம் ஒரு ஆல்பம்னு கால் பக்கம் ஒதுக்குங்க. எந்த நாடு, எந்த வருஷம், எவ்வளவு நேரம் ஓடும், எத கவனிச்சு கேக்கணும், வரிகள் சின்னப் பசங்களுக்கு ஏத்ததா இல்லையா, இவ்வளவு போதும். நட்சத்திரம் போட்டு மார்க் குடுக்க வேணாம், புரிய வெச்சா போதும். ஒரு வாரம் மெட்டல்னா அடுத்த வாரம் ட்ரோன், அதுக்கடுத்து ஜாஸ், நடுவுல நம்ம உறுமி மேளம், பம்பை ரெக்கார்டிங்கும் வரட்டும், எல்லாம் ஒரே பக்கத்துல நிக்கட்டும். முதல் வாரம் சரண்ஜித் சிங்ல ஆரம்பிங்க, ரெண்டாவது வாரம் ஆலிஸ் கோல்ட்ரேன். பேர்கள தமிழ் எழுத்துல தெளிவா போடுங்க, போன்ல தமிழ்ல பேசியே தேடுற பெரியவங்க எங்க தெருவுலயே நிறைய பேர் இருக்காங்க.

இப்படிக்கு,
வாசகி,
அல்சூர், பெங்களூரு - 8