நாற்றங்காலிலேயே சோதியுங்கள்: கொட்டை மர இனமேம்பாட்டுத் திட்டங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

கலப்பினக் கன்றுகள் அத்தனையையும் வயலில் நட்டு, காய்த்த பிறகு கழித்துக்கட்டும் வழக்கத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பிஸ்தாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்க ஐந்தாண்டுக்கு மேலாகும்; அதுவரை எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. பாலினம் காட்டும் மரபணு மார்க்கரோ (ஒரு குணத்தோடு சேர்ந்தே வரும் டிஎன்ஏ அடையாளம்) சிறு இலைத்துண்டிலேயே சொல்லிவிடும். பாதாமில், விதைக்கும் பருப்பைக் கடித்துப் பார்த்துப் பயனில்லை. அதன் கசப்பு தாய் மரத்தின் மரபணுவைப் பொறுத்தது. முளைத்து வரும் மரம் எப்படிக் காய்க்கும் என்பதைக் கன்றின் டிஎன்ஏவில்தான் பார்க்க வேண்டும். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் குணத்தையும் அதே மாதிரியில் பார்த்துவிடலாம். கன்றுகளில் பாதிக்கு வந்து பாதிக்கு வராத மூன்று குணங்களைத் தனித்தனி மார்க்கரால் சோதித்தால், 1000 கன்றில் வயலுக்குப் போக வேண்டியவை ஏறக்குறைய 125தான்.

ஆனால் அவசரப்பட்டால் கெடும். முற்றிய இலையின் துவர்ப்புப் பொருளான டானின் டிஎன்ஏவைப் பழுப்பாக்கும், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வேலை செய்யாது. பாதி விரிந்த நுனியிலையைப் பறித்து உடனே சிலிகா ஜெல்லில் போடுங்கள். டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் 2% சிடிஏபி கரைசலில், டானினைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி இருக்கட்டும். பழுப்பேறாமல் தடுக்கும் மெர்காப்டோஎத்தனாலைப் பிரித்தெடுக்கும் அன்றைக்கே அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஜெல்லில் டிஎன்ஏ கோடு தெரியாவிட்டால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு 96 குழித் தட்டிலும் ஒப்பிடப் பெற்றோர் மரங்கள் இரண்டின் டிஎன்ஏவும், டிஎன்ஏ இல்லாத ஒரு குழியும் கட்டாயம். எண் பட்டையைத் தொட்டியில் ஒட்டாமல் தண்டிலேயே கட்டுங்கள். தொட்டி மாறினால் அத்தனை சோதனையும் பாழ்.

ஒற்றை மார்க்கரை நம்பி வெட்டாதீர்கள். அது மரபணுவிலிருந்து 5 சென்டிமார்கன் (குரோமோசோமில் மரபணுத் தொலைவை அளக்கும் அலகு) தள்ளியிருந்தால் நூற்றில் ஐந்து கன்று தவறாகக் கணிக்கப்படும். மரபணுவின் இருபுறமும் அதே தொலைவில் ஒவ்வொரு மார்க்கர் வைத்து, இரண்டும் ஒத்துப்போகும் கன்றை மட்டும் எடுத்தால் தவறு ஏறக்குறைய 400க்கு ஒன்றாகக் குறையும். வேறொரு கலப்பில் கண்டறிந்த மார்க்கர் நீங்கள் கலக்கும் பெற்றோர் மரங்களின் கன்றுகளிலும் பிரிந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

நோய் எதிர்ப்பில் இன்னும் கவனம் வேண்டும். ஹேசல்நட்டின் கிழக்கத்திய கருகல் நோய்க்குக் 'காஸவே' ரகத்திலிருந்து வந்த எதிர்ப்பு மரபணு ஒன்றையே நம்பிய மரங்களைச் சில பூஞ்சை வகைகள் தாக்கிவிட்டன. இரண்டு எதிர்ப்பு மரபணுக்களை ஒரே கன்றில் சேர்க்க வேண்டும். இரண்டும் இருக்கின்றனவா என்பதை நோயேற்றிக் கண்டுபிடிப்பது கடினம், மார்க்கரால் எளிது.

விளைச்சல் போன்ற பல மரபணுக் குணங்களுக்கு இரண்டு மூன்று மார்க்கர் போதாது. ஆயிரக்கணக்கான மார்க்கர்களோடு, ஆண்டுதோறும் மரம் மரமாக எடுத்த எடை, பருப்பு விகிதக் கணக்கும் தேவை. வயலில் மிச்சமாகும் பணத்தை அந்த அளவெடுப்புக்கும் அதைச் செய்யும் ஆட்களுக்கும் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கொட்டை மர இனமேம்பாட்டில் பணிபுரிவோர்