வேட்டைநாய் வளர்த்தவர்கள் வெறியர்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வீட்டு நாய்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'கன்னி, சிப்பிப்பாறை போன்ற நாட்டு வேட்டைநாய்கள் ரத்தம் பார்த்துப் பழகியவை, குடும்பங்களுக்கு ஏற்றவை அல்ல; அவற்றை வளர்த்தவர்களுக்கும் விலங்கின் மேல் பிரியம் என்று ஒன்று இருந்ததில்லை' என்று அதில் ஒரு வரி. எழுதியவர் யாரோ, எந்த ஊரோ, நான் அறியேன். ஆனால் தங்கள் பார்வைக்கு வராமல் அந்த வரி அச்சேறியிருக்காது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

லிங்கராஜபுரத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் பல மொழிக்காரர்கள் இருக்கிறோம். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் மறுநாள் காலையே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போட்டு, மற்றவர்களுக்குப் பொருளும் சொல்லிவிட்டார். மாலையில் லிஃப்டுக்குப் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. வேட்டை இன நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாதாம், வாய்ப்பூட்டு இல்லாமல் வாசல் தாண்டக் கூடாதாம். எங்கள் குடியிருப்பில் வேட்டை இனம் என்று சொல்ல இருப்பது எங்கள் செல்லி ஒருத்திதான். என் தம்பி வீட்டுக் கன்னி ஈன்ற குட்டி. கறுப்பு உடம்பு, மார்பிலும் காலிலும் செம்பட்டை. வாசலில் பால்காரர் வந்தால்கூட எழுந்து நின்று பார்க்குமே தவிரக் குரைக்காது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதன் காதைத் தடவிவிட்டுத்தான் படியேறுவார்கள். இந்த வாரம் ஒரு பிள்ளையும் கிட்டே வரவில்லை.

'அரசாங்கமே தடை செய்த இனம்' என்று சங்கத்தில் ஒருவர் என்னிடம் அடித்துப் பேசினார். மத்திய அரசு 2024 மார்ச்சில் அனுப்பிய சுற்றறிக்கையில் இருந்தவை ராட்வைலர், பிட்புல் போன்ற 23 வகைகள். அதில் நம் நாட்டு நாய் ஒன்றுகூட இல்லை. அந்தச் சுற்றறிக்கையையும் இதே கர்நாடகத்தின் உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்புப் பிராணிகளைத் தடுக்க முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. இதெல்லாம் பத்திரிகை நடத்தும் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையில் ஒரு பத்தியில் இதைச் சேர்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

நான் பிறந்தது கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவே ஒரு கரிசல் கிராமம். என் அம்மா கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு ஒரு கன்னிக்குட்டியும் வந்ததாகச் சொல்வார்கள். அதன் வழியில் வந்த வீரன்தான் என் சிறு வயதில் எங்கள் வீட்டில் இருந்தது. கன்னி மோப்பத்தை நம்பி ஓடுகிற நாய் இல்லை, கண்ணால் பார்த்துத் துரத்தும். அதனால் கம்பும் சோளமும் அறுத்து, காடு வெட்டவெளியாகக் கிடக்கிற தை, மாசியில்தான் அய்யா அதை முயலுக்குக் கூட்டிப் போவார். முயல் நேராக ஓடாது, சட்டென்று வெட்டித் திரும்பும். நாயும் அதே வேகத்தில் மடங்கித் திரும்ப வேண்டும். பிடித்ததும் வீரன் கழுத்தைக் கவ்வியபடி அய்யா வந்து சேரும்வரை நின்ற இடத்திலேயே நிற்கும். அவர் கையை நீட்டினால்தான் வாயைத் திறக்கும். பிடித்ததைக் குதறுகிற நாயை எங்கள் பக்கத்தில் யாரும் வேட்டைக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ரத்தம் பார்த்துப் பழகியது என்று எழுதியவர் இதை ஒருநாள் பார்த்திருக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் அய்யா திண்ணையில் உட்கார்ந்து வீரனின் காலை மடியில் தூக்கி வைத்து, விரல் விரலாக விரித்துப் பார்ப்பார். வேலிக்கருவை முள் உள்ளே ஒடிந்து நிற்கும். அரைஞாண் கயிற்றில் தொங்கும் முள்வாங்கியை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். வீரன் முனகும், ஆனால் காலை இழுத்துக்கொள்ளாது. விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவிவிட்டு, கம்பஞ்சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து வைப்பார். அது தின்று முடித்த பிறகுதான் அம்மா அவருக்குத் தட்டு வைக்கலாம். கறியைக் கூறு போடும்போது நாய்க்கென்று ஒரு கூறு தனியாக எடுத்துவைப்பார்கள். இதற்குப் பிரியம் என்று பெயர் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயரை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வேட்டை திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரியான சட்டம். காட்டில் முயல் அருகிப்போனதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். வனத்துறைக்காரர்கள் ஊருக்கு வந்து சொன்ன பிறகு அய்யா வீரனை அவிழ்த்துவிடுவதை நிறுத்திவிட்டார், ஆட்டுக்கிடைக் காவலுக்குப் பழக்கினார். வேட்டை போனதும் நாயைத் தெருவில் விட்டுவிடவில்லை. அது கிழடாகிப் பல் விழுந்து, கூழைக் கரைத்து ஊற்றிய காலம் வரை எங்கள் வீட்டில்தான் இருந்தது.

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு வரியை அச்சிடத் தங்களுக்கு எப்படி மனம் வந்தது? இதே ஊரில், கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல் இருக்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்ட கதை தாங்கள் அறியாததல்ல. அந்தப் போரில் வென்ற பக்கத்தில் நின்ற கங்க மன்னன் பூதுகனின் படைவீரன் மணலேரன். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது அவன் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டைநாயை. பிறகு அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் சேர்ந்தே செத்தன. மண்டியா மாவட்டத்து ஆதகூரில், கோயில் வாசலில், நாய்க்காகக் கல் நட்டு நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால் பாவம் என்றும் எழுதி வைத்தார்கள். காலம் கி.பி. 950 வாக்கில். தக்கோலப் போரையும் நாயின் சாவையும் ஒரே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் நடுகல் இதற்கும் முந்நூறு ஆண்டுகள் மூத்தது, மகேந்திரவர்மன் காலத்தது. எருமை மந்தையைக் காக்க நின்று செத்த வீரனுக்குப் பக்கத்திலேயே கோவிவன் என்ற அவனுடைய நாயையும் செதுக்கி, அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். பிரியம் இல்லாதவர்கள் நாய்க்குக் கல் நடுவார்களா?

தங்கள் இதழோடு எனக்கு இது முதல் வருத்தமும் அல்ல. முன்பொரு முறை ராஜபாளையம் நாய் பற்றிப் போட்டபோது, பால் வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் பார்த்து வாங்குங்கள் என்று ஆலோசனை சொல்லியிருந்தீர்கள். அந்த நிறத்துக்கு ஆசைப்பட்டு நெருங்கிய ரத்தத்திலேயே திரும்பத் திரும்ப இணைசேர்த்ததால்தான் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன என்பது நாய் வளர்க்கும் எவருக்கும் தெரியும். நான் அப்போது விரிவாகக் கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. இன்னொரு முறை சிப்பிப்பாறை என்று போட்ட படம் வெளிநாட்டு கிரேஹவுண்டு. அதற்கும் எழுதினேன். பிறகு ஹஸ்கி வளர்ப்பது எப்படி என்று முழுப் பக்கம் வந்தது. பனிநாட்டு நாயை ஏசி அறையில் பூட்டி வளர்ப்பதை அன்பு என்று எழுத இடம் இருந்தது. அப்படி வாங்கி, ரோமம் கொட்டுகிறது, செலவு தாங்கவில்லை என்று கழுத்துப்பட்டையோடு ஏரிக்கரையில் விட்டுப் போன நாய்களுக்கு நானும் என் மருமகளும் சோறு வைத்திருக்கிறோம். அதைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை.

2005-ல் அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதோளும் ராஜபாளையமும் அதில் இருந்தன. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசியபோது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பாகல்கோட்டை மாவட்டத்து முதோள் நாயும் எங்கள் கன்னியைப் போல வேட்டைக்கென்றே வளர்த்த இனம்தான். ராணுவம் அதை மீரட்டுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்தது. இந்த மாநிலத்துக் கால்நடைப் பல்கலைக்கழகமே திம்மாபூரில் அதற்கென்று ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. கன்னடக்காரர்கள் தங்கள் நாயை இவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஊரில் இருந்துகொண்டு, நாம் நம் நாயை நம் மொழியிலேயே தூற்றி அச்சடித்து அவர்கள் கையில் கொடுத்திருக்கிறோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஐயா.

கன்னி எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று நானும் சொல்ல மாட்டேன். அதற்கு ஓட இடம் வேண்டும். பூனையைக் கண்டால் பாயும், கயிற்றை அவிழ்க்கக் கூடாது. ரோமம் குட்டை, உடம்பில் கொழுப்பு கிடையாது, பெங்களூர் மார்கழிக் குளிரில் சாக்கும் கம்பளியும் போட்டாக வேண்டும். விடியற்காலை பால்கனிக் கம்பியில் முன்னங்காலை ஊன்றி நின்று, எங்கோ பறக்கும் கொக்கைக் கண் இமைக்காமல் பார்க்கும். இதையெல்லாம் எழுதியிருந்தால் வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்பட்டிருக்கும், வாங்கக் கூடாதவர்களும் யோசித்திருப்பார்கள்.

நான் கேட்பது இரண்டே. அடுத்த ஞாயிறு இதழில், கன்னியும் சிப்பிப்பாறையும் எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை என்று ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். வாசகர் கடிதப் பகுதியில் கடைசியாகப் போட்டாலும் போதும், கத்தரித்து நோட்டீஸ் பலகையில் நானே ஒட்டிக்கொள்வேன். இரண்டாவது, நாய் பற்றி இனி எழுதும்போது படத்தையாவது தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
லிங்கராஜபுரம், பெங்களூரு